கதிர்வீச்சைக் கூட்டினால் ஆயுளும் கூடுமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் புற்றுநோய், சிறு செல் அல்லாத வகை, நான்காம் நிலை. இடது நுரையீரலில் பெரிய கட்டி. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. இருமும்போது ரத்தம் வருகிறது. ஒரு டாக்டர் 5 நாள் கதிர்வீச்சு போதும் என்கிறார், இன்னொருவர் 10 நாள் என்கிறார். "நாள் கூடினால் ஆயுளும் கூடும்தானே, பிறகு ஏன் 5 நாளோடு நிறுத்த வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா இது குணமாக்கும் சிகிச்சை என்று நம்பிக்கொண்டிருப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் இது 5-ஆ 10-ஆ என்ற கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்தச் சிகிச்சையால் அப்பா இன்னும் கொஞ்ச காலம் கூட இருப்பாரா என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகக் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்கேனையோ பயாப்ஸி அறிக்கையையோ நான் பார்க்கவில்லை, அவரை நேரில் சோதிக்கவும் இல்லை. அதனால் அவருக்கு இதுதான் சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் என்ன பேச வேண்டும் என்பதற்கு இது உதவும்.

நேரடியான பதில் இது. நான்காம் நிலையில் நெஞ்சுக்குக் கொடுக்கும் தணிப்புக் கதிர்வீச்சு, அதாவது நீங்கள் கேள்விப்பட்ட 'பாலியேட்டிவ் ரேடியேஷன்', தொந்தரவைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படுவது. அதை அது நன்றாகவே செய்கிறது. ஆயுளை நீட்டுவது அதன் வேலை அல்ல. 5 நாளுக்குப் பதில் 10 நாள் கொடுப்பதால் ஆயுளில் பெரிய வித்தியாசம் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை.

காரணம் சிக்கலானதல்ல. கதிர் எந்த இடத்தில் விழுகிறதோ அங்கேதான் வேலை செய்யும். உங்கள் அப்பாவின் நோய் நெஞ்சில் மட்டும் இல்லை. ரத்தத்தின் வழியே வேறு உறுப்புகளுக்கும் போய்விட்டது. நெஞ்சுக் கட்டியைச் சுருக்கினாலும் மற்ற இடங்களில் இருப்பது அப்படியே இருக்கும். அளவும் வேறு. குணமாக்கும் நோக்கத்தோடு கொடுக்கும்போது வழக்கமாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 30 தவணைகளாக, ஆறு வாரம் கொடுப்போம். உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது பெரும்பாலும் 5 நாளில் 20 கிரே அல்லது 10 நாளில் 30 கிரேயாக இருக்கும். ரத்தம் கசியும் இடத்தை ஆற்றவும், மூச்சுக் குழாயை அழுத்தும் பகுதியைச் சுருக்கவும் இது போதும். கட்டியை முழுதாக அழிக்கப் போதாது.

நாளுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை ஊகமாக விட்டுவிடாமல் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் 369 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக இரண்டே தவணை, மொத்தம் 17 கிரே. இன்னொரு பிரிவுக்குப் பல தவணைகளாக வழக்கமான நீண்ட சிகிச்சை. தொந்தரவு குறைந்த விதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று, வாழ்ந்த காலமும் ஒன்று. அடுத்த வருடம் அதே குழு, உடல் மிகவும் தளர்ந்துபோனவர்களிடம் இரண்டு தவணையையும் ஒரே ஒரு தவணையையும் ஒப்பிட்டது. அங்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. 2004-இல் நார்வேயில் 421 பேரை மூன்று பிரிவாக்கி, 2 தவணை, 15 தவணை, 25 தவணை கொடுத்துப் பார்த்தார்கள். 25 தவணை என்றால் ஐந்து வாரம். அவ்வளவு கொடுத்தும் இரண்டு தவணைக்காரர்களை விட அவர்கள் அதிக காலம் வாழவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1996-இல் அதே பிரிட்டிஷ் குழு, ஓரளவு திடமாக இருந்த 509 பேரிடம் 2 தவணையையும் 13 தவணையையும் (39 கிரே) ஒப்பிட்டபோது, நீண்ட சிகிச்சை எடுத்தவர்களில் பாதிப்பேர் 9 மாதத்தைத் தாண்டினார்கள்; குறுகிய சிகிச்சையில் அது 7 மாதம். கனடாவில் 2002-இல் வந்த ஆய்வில் ஒரே தவணையை விட 5 தவணை எடுத்தவர்கள் ஒன்றரை, இரண்டு மாதம் கூடுதலாக இருந்தார்கள். 2008-இல் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உயர்ந்த அளவு பெற்றவர்களில் 26.5 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். குறைந்த அளவு பெற்றவர்களில் 21.7 சதவீதம். நூற்றுக்கு ஐந்து பேர் அளவு வித்தியாசம். அதற்கு விலையும் உண்டு: உணவுக்குழாய் புண்ணாகி விழுங்கச் சிரமப்பட்டவர்கள் நீண்ட சிகிச்சையில்தான் அதிகம். பிறகு 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 14 ஆய்வுகளை மறுபடி அலசி, நீண்ட சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னது. ஆகவே தளர்ந்துபோனவருக்கு நீட்டுவதில் பயனில்லை என்பது உறுதி. திடமாக நடமாடுகிறவருக்குச் சின்னப் பயன் இருக்கலாம் என்பது இன்னும் தீராத சந்தேகம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தையவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் படித்தவர்களே இங்கே சறுக்குகிறார்கள். "என் சித்தப்பாவுக்கு 15 நாள் கரண்ட் வைத்தார்கள், இரண்டு வருடம் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரருக்கு 2 நாள்தான் வைத்தார்கள், ஒரு மாதத்தில் போய்விட்டார்" என்று யாராவது சொல்வார்கள். சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் சித்தப்பாவுக்கு ஏன் 15 நாள் வைத்தார்கள்? தினமும் வந்துபோகும் தெம்பு அவருக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இல்லாததால்தான் டாக்டர் இரண்டு நாளோடு நிறுத்தினார். தெம்பு இருந்ததால் நீண்ட சிகிச்சையும் கிடைத்தது, நீண்ட நாளும் கிடைத்தது. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளிலும் இதே சிக்கல் வருகிறது. 10 நாள் திட்டமிட்டு ஆறாம் நாள் இறந்துபோனவர் 'குறைந்த அளவு பெற்றவர்' என்ற பட்டியலுக்குப் போய்விடுவார். முழுதாக முடித்தவர்கள் பட்டியலில், அத்தனை நாள் உயிரோடு இருந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அந்தப் பட்டியல் நீண்ட ஆயுளைக் காட்டத்தானே செய்யும். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகளை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 2002-இல் பிரிட்டனில், நெஞ்சுத் தொந்தரவு அதிகம் இல்லாத 230 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கதிர்வீச்சு கொடுத்தார்கள். மறுபாதிக்குத் தொந்தரவு வரும்வரை காத்திருந்தார்கள். உடனே எடுத்தவர்களின் நடு ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், 8.3 மாதம், காத்திருந்தவர்களுடையது 7.9 மாதம். வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடைசிவரை நெஞ்சுக்குக் கதிர்வீச்சு தேவையே படவில்லை. கதிர்வீச்சுதான் இந்த நிலையில் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்றால், தள்ளிப்போட்டவர்கள் முன்பே போயிருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை.

சரி, அப்படியானால் எதற்கு இதைக் கொடுக்க வேண்டும்? உங்கள் அப்பாவுக்கு இருமலில் ரத்தம் வருகிறது. கைக்குட்டையில் ரத்தம் பார்த்தவர் அடுத்த இருமல் எப்போது வருமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பார், வீட்டில் இருப்பவர்களும் தூங்க மாட்டார்கள். தணிப்புக் கதிர்வீச்சுக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் தொந்தரவு இந்த ரத்தம்தான். பெரும்பாலோருக்கு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது. அடுத்தது நெஞ்சு வலி. இருமல் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தணியும். மூச்சுத் திணறல் அவ்வளவு எளிதில் அடங்காது, ஏனென்றால் அதற்குக் காரணங்கள் பல: நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், பழைய புகைப்பழக்கத்தால் நுரையீரலே பழுதாகியிருக்கலாம். கட்டி மூச்சுக்குழாயை அடைத்ததால் வந்த திணறல் என்றால்தான் கதிர்வீச்சு பலன் தரும். அதனால் மூச்சுத் திணறலும் இருந்தால், எதனால் என்று முதலில் கேளுங்கள். நீர் கோத்திருந்தால் ஊசி வைத்து எடுத்தாலே அன்றைக்கே நிம்மதி கிடைக்கும்.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். ரத்தம் கொட்டும் நிலையில் வந்தார். இரண்டு தவணை கொடுத்தோம், பத்து நாளில் ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு இரண்டரை மாதம் இருந்தார். அவர் போன பிறகு மகன் வந்து, "அப்போ ரேடியேஷன் வேலை செய்யலையா டாக்டர்?" என்று கேட்டார். வேலை செய்தது. அந்த இரண்டரை மாதத்தில் அவர் ஒருமுறைகூட ரத்தம் கக்கவில்லை, தன் கட்டிலில் படுத்துத் தூங்கினார். ஆனால் இதுதான் நோக்கம் என்று தொடங்கும்போதே நான் மகனுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டதால்தான் அவர் தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு போனார்.

ஆயுளைக் கூட்டுவது எது என்றால், நான்காம் நிலையில் அது பெரும்பாலும் மருந்துதான். கட்டித் துணுக்கில் இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே போன்ற மரபணு மாற்றங்கள் இருக்கின்றனவா, பி.டி.எல்.1 என்ற புரதம் எவ்வளவு என்று சோதித்தார்களா? இன்னும் இல்லையென்றால், 5-ஆ 10-ஆ என்று அலைவதை விட்டுவிட்டு முதலில் இதைக் கேளுங்கள். இ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருப்பவர்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்த ஆய்வில் நடு ஆயுள் மூன்று வருடத்தைத் தாண்டியது, 38.6 மாதம். பி.டி.எல்.1 அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டும்) மருந்தைக் கொடுத்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்து 31.9 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16.3 சதவீதம். இவை எல்லோருக்கும் பொருந்தாது, உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா என்பது சோதனை முடிவைப் பார்த்துத்தான் தெரியும். ஆனால் கதிர்வீச்சில் ஐந்து நாளைக் கூட்டிக் கிடைக்கக்கூடிய எதையும் விட இது பல மடங்கு பெரியது. 10 நாள் சிகிச்சையால் மருந்து தொடங்குவது தள்ளிப்போகிறது என்றால், நான் 5 நாளையே தேர்ந்தெடுப்பேன்.

கதிர்வீச்சும் ஆயுளைத் தொடும் சில இடங்கள் உண்டு, குழப்பம் வராமல் இருக்க அவற்றையும் சொல்கிறேன். மூன்றாம் நிலையில், நோய் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும்போது கீமோவோடு சேர்த்துக் கொடுப்பது ஆயுளைக் கூட்டும். திடமானவர்களுக்கு அது குணமாக்கும் சிகிச்சையாகவே இருக்கலாம். சிறு செல் வகையில், பரவிய நிலையிலும், கீமோவில் பலன் கிடைத்தவர்களுக்கு நெஞ்சில் 30 கிரே கொடுத்துப் பார்த்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், இரண்டு வருடம் தாண்டியவர்கள் 3 சதவீதத்திலிருந்து 13 சதவீதமானார்கள். ஆனால் அந்த ஆய்வு முக்கியமாகப் பார்க்க நினைத்த ஒரு வருடக் கணக்கில் தெளிவான வித்தியாசம் இல்லை. அப்புறம், நோய் மூன்று இடத்துக்கு மேல் பரவாதவர்களுக்கு எல்லா இடத்தையும் குறிவைத்து உயர்ந்த அளவு கொடுக்கும் முறை. 49 பேரை மட்டும் வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில் நடு ஆயுள் 17 மாதத்திலிருந்து 41 மாதமாக உயர்ந்தது, எல்லோரும் உற்சாகமானோம். ஆனால் இம்யூனோதெரபி எடுப்பவர்களிடம் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்து 2024-இல் வெளியிட்டபோது ஆயுள் கூடவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பரவியது இரண்டே இடமா, அதற்கும் மேலா என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெளிவாகவில்லை. இரண்டே என்றால் இதை டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. பெரிய எதிர்பார்ப்போடு மட்டும் கேட்காதீர்கள்.

கதிர்வீச்சு அல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 151 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லோருக்கும் பரவிய நுரையீரல் புற்றுநோய். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு தணிப்புச் சிகிச்சைக் குழுவின் கவனிப்பும், கடைசிக் கட்டத்தில் அல்ல, நோய் தெரிந்த உடனேயே. வலி, மனச்சோர்வு, என்ன எதிர்பார்க்கலாம் என்ற பேச்சு, இவைதான் அந்தக் கவனிப்பு. அந்தப் பிரிவில் மனச்சோர்வு குறைந்தது, வாழும் தரம் உயர்ந்தது, நடு ஆயுளும் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம் இருந்தது. ஒரே ஆஸ்பத்திரியில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் ஆயுள் கணக்கை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வாழும் தரம் உயரும் என்பதை என் அனுபவத்திலிருந்தே அடித்துச் சொல்வேன். அப்படி ஒரு குழு அந்த ஆஸ்பத்திரியில் இருந்தால் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்பவர்களுக்கான இடம் அது என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது 5-ஆ 10-ஆ. அப்பா பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் 5 நாளே அதிகம். ஒன்று அல்லது இரண்டு தவணை போதுமா என்றுகூடக் கேட்கலாம். நன்றாக நடமாடுகிறார், சாப்பிடுகிறார், வந்துபோவது சிரமமில்லை, மருந்தும் தள்ளிப்போகாது என்றால் 10 நாளும் நியாயமான தேர்வுதான். இரண்டாவது டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், தளர்ந்துபோன ஓர் அம்மாவுக்கு நான் மூன்று வாரச் சிகிச்சை எழுதினேன். முடித்த சில நாட்களில் இறந்துபோனார். கடைசி மூன்று வாரமும் அவருக்குப் பயணத்திலும் காத்திருப்பு அறையிலுமே கழிந்தது. அதிலிருந்து நாள் கணக்கு எழுதும் முன் நோயாளி எழுந்து நடப்பதை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பலன் மறுநாளே தெரியாது. முடிந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் படிப்படியாகத் தெரியும். இரண்டாவது வாரத்தை ஒட்டி விழுங்கும்போது எரிச்சல் வரலாம். மென்மையான உணவும் மருந்தும் கொடுத்தால் சில வாரத்தில் ஆறிவிடும். அசதி இருக்கும். ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் புதிதாக வறட்டு இருமலோ காய்ச்சலோ மூச்சு வாங்கலோ வந்தால், அது கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். வேறு டாக்டரைப் பார்க்க நேர்ந்தாலும் நெஞ்சுக்குக் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் நம்பிக்கையைப் பற்றி. அமெரிக்காவில் குணமாக்க முடியாத நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களைக் கேட்ட ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. அது தங்களைக் குணமாக்கப் போவதில்லை என்பது அவர்களில் 64 சதவீதம் பேருக்குப் புரிந்திருக்கவில்லை. ஆகவே உங்கள் அப்பா ஒன்றும் விதிவிலக்கல்ல. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்ல மாட்டேன். "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள், பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று பேசாமல் இருப்பார்கள். அவர் கேட்டால், இது ரத்தத்தை நிறுத்தவும் நிம்மதியாகத் தூங்கவும் கொடுப்பது, நோயை முழுதாக எடுக்காது என்று சொல்லலாம். அது உண்மை, அதில் நம்பிக்கையும் இருக்கிறது.

கடைசியாக, முதுகெலும்பைப் பற்றி. அங்கே வலி வந்தால் பெரும்பாலும் ஒரே தவணை, 8 கிரே போதும். வலி தணிவதில் அது பல தவணைக்குக் குறைந்ததல்ல, பிறகு தேவைப்பட்டால் மறுபடி கொடுக்கலாம். ஆனால் கால் தளர்கிறது, நடை தடுமாறுகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் வெளியேறவில்லை என்று எது நடந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று அர்த்தம் இருக்கலாம். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள், கால் முழுதாகப் போன பிறகு வந்தவர்களில் மீண்டும் நடப்பவர்கள் சிலர்தான். அன்று இரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய், முதுகெலும்பில் பரவல் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.